மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில்

"நான் போட்ட சிகப்பை எடுக்கணும் மேடம்."

சொல்லி முடித்ததும் டிகிரி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வேலையில் சேர்ந்த புதிதில் சொல்லிக்கொடுத்த பாடங்களில் இதுதான் தலையானது. சம்பளத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்கலாம். கூட்ட மாட்டார்கள், ஆனாலும் கேட்கலாம். லீவு கேட்கலாம். போட்ட சிவப்பை எடுக்கச் சொல்லி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு சிவப்பை எடுத்தால் எல்லாச் சிவப்பின் மேலும் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் எந்தக் கல்லூரி நம்மை நம்பித் தேர்வைக் கொடுக்கும்?

 அதற்குள்ளிருந்து காதுக்காரி மெல்லக் கேட்டாள்.

"என்ன சொன்னீங்க?"

"நேத்து மத்தியானத் தேர்வுல, கடைசி வரிசை ஓரக் கட்டத்துல இருந்த பொண்ணு. அவ காப்பி அடிக்கலை. நான் போட்டது தப்பு. எடுத்துடுங்க, அவ திரும்ப எழுதட்டும்."

"டீ குடிச்சீங்களா?"

"குடிச்சாச்சு மேடம்."

"இன்னொரு டீ குடிங்க. மத்தியான ஷிஃப்டுக்கு முன்னாடி நான் கூப்பிடறேன். அதுக்குள்ள நீங்க கேட்டது எனக்கும் மறந்திருக்கும், உங்களுக்கும் மறந்திருக்கணும்."

காதுக்காரி என்பது அம்மா வைத்த பேர். டீம் லீடர் என்று எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் அம்மாவுக்கு அது வாயில் நிற்கவில்லை. முகம் பார்த்ததில்லை, ஊர் தெரியாது, வயசு தெரியாது, மகளின் காதுக்குள் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க அதட்டுகிறவள். வேறு என்ன பேர் வைப்பது? டிகிரி என்பது தெரு வைத்தது. அந்தத் தெருவில் பட்டம் வாங்கிய ஒரே ஜென்மம் அவள்தான். ஆரம்பத்தில் மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். பட்டம் வாங்கியும் வீட்டைவிட்டு வெளியே வராமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் அந்த மரியாதை மெதுவாகக் கேலியாகப் பழுத்துவிட்டது.

சுவரையல்ல, முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கெங்கோ தங்கள் வீட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதும் பிள்ளைகளின் முகங்கள், திரையில் கட்டம் கட்டமாக. கண் ஓரமாகப் போனால் மஞ்சள். அது எச்சரிக்கை, பிள்ளையின் திரையில் 'முன்னால் பார்' என்று எழுத்து வரும். மறுபடி திரும்பினால் சிவப்பு. தேர்வு அதோடு மூடிக்கொள்ளும், கட்டம் கறுத்துப்போகும். பார்க்கிறவளையும் ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். அவள் கண் திரையைவிட்டுப் போனால் அவளுக்கு மஞ்சள். ஒரே கட்டத்தில் அதிகநேரம் நின்றாலும் மஞ்சள். அவளுக்கே சிவப்பு விழுந்தால் வேலை போகும். அவள் கண் மாடு மேய்வதுபோல எல்லாக் கட்டத்திலும் ஒரு வாய் மேய்ந்து நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

அதற்காக அந்த ஒற்றை அறை பட்ட பாடு கொஞ்சமல்ல. மின்விசிறி ஓடினால் பின்னாலிருக்கும் திரைச்சீலை ஆடியது. அது ஆடினால் அறையில் இன்னொரு ஆள் இருப்பதாக மெஷின் கத்தியது. மின்விசிறியை நிறுத்தினார்கள். நாள்காட்டியில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது; அதையும் ஆள் என்று எண்ணியது. நாள்காட்டியைக் கழற்றினார்கள். அப்பா அம்மாவின் கல்யாணப் போட்டோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார்கள். "கல்யாணம் ஆன அன்னிக்கே நான் சுவத்துப் பக்கம் திரும்பியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்" என்றாள் அம்மா. கீழ்வீட்டுத் தையல்காரரிடம் கெஞ்சி ஷிஃப்டு நேரத்தில் காஜா மெஷினை ஓட்டாமல் இருக்கச் சொன்னார்கள். "மாடியில மந்திரிசபை கூடியிருக்கு, பட்டன் ஓட்டை போடக்கூடாதாம்" என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தியாகம் அம்மாவின் குரல். அம்மா ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் லாண்டரியில் இருந்தாள். ஆள் உயரத் துவைக்கும் மெஷின்கள் நாள் முழுக்க உறுமும் இடம். பக்கத்தில் நிற்கிறவளிடம் பேசவே அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். அப்படிக் கத்திக் கத்தி, உப்பு கேட்டால்கூட தெருமுனைக்குக் கேட்கும். அந்தக் குரலை அவள் மடித்து உள்ளே வைத்துவிட்டாள். வீட்டுக்குள் வந்தால் சைகை, இல்லாவிட்டால் காற்றுமாதிரி ஒரு முணுமுணுப்பு. பழகப் பழக, ஷிஃப்டு இல்லாத நேரத்திலும் அப்படியே ஆகிவிட்டது.

அப்பா லாரி ஓட்டியவர். ஒருநாள் சாலையிலேயே வலிப்பு வந்து, வண்டி ஒரு மண்மேட்டில் ஏறி நின்றதால் பிழைத்தார். அதற்குப் பிறகு யாரும் ஸ்டீயரிங்கைத் தொட விடவில்லை. அம்மா லாண்டரிக்குப் போனால் அவரைப் பார்த்துக்கொள்ள டிகிரிதான். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. வேறு அறை இல்லை என்பது வீட்டு நிலைமை. கேமராவுக்குத் தெரியாத மூலையில், மேஜைக்குப் பக்கவாட்டில், கட்டிலைப் போட்டார்கள். ஷிஃப்டு நேரத்தில் அவர் வாய்விட்டுக் கூப்பிட முடியாதே? அம்மா லாண்டரியிலிருந்து அழுக்கு மூட்டை கட்டும் நாடா ஒன்றைக் கொண்டுவந்தாள். ஒரு முனை அப்பாவின் மணிக்கட்டில். மறுமுனை மேஜைக்கடியில் டிகிரியின் கால் கட்டைவிரலில். ஒரு சுண்டு சுண்டினால் தண்ணீர். விடாமல் இழுத்தால், வலிப்பு வருகிறது.

"மாட்டைக் கட்டுன மாதிரி இருக்கே" என்றார் அப்பா.

"யாரு மாடுன்னுதான் தெரியல" என்றாள் டிகிரி. அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தார்கள்.

நேற்று மத்தியானம் நடந்தது இதுதான். கல்லூரி உதவித்தொகைத் தேர்வு. ஓரக் கட்டத்துப் பெண் அடையாள அட்டையை முதலில் தலைகீழாகக் காட்டினாள். நேராகப் பிடிம்மா என்று டிகிரிதான் எழுதி அனுப்பினாள். விலாசம் உப்பளத்துப் பக்கம் ஒரு குடியிருப்பு. எண்ணெய் வைத்து இழுத்துச் சீவிய தலை, காலர் நைந்த சட்டை, பின்னால் பூப்போட்ட ஒரு திரைச்சீலை. அசையாமல் உட்கார்ந்து எழுதினாள். எழுதிக்கொண்டிருந்தவளின் கண் சட்டென்று கீழே போனது. ஓரத்துக்குப் போகவில்லை, காப்பி அடிக்கிற பிள்ளைகளின் கண்போல மடிக்கும் போகவில்லை. நேராகக் காலுக்குப் போனது. அப்புறம் தலை பின்னால் திரும்பியது. டிகிரி மஞ்சள் போட்டாள்.

பெண் வெடுக்கென்று முன்னால் திரும்பினாள். மறுபடி எழுதத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால், திரைச்சீலையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு கை வந்தது. துணியைக் கொத்தாகப் பற்றியது. வளையங்கள் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகத் தெறித்தன. சீலை மெதுவாக ஒருபக்கமாகச் சரிந்து விழுந்தது. கை அதோடு கீழே போனது. பெண்ணின் கண்ணில் நீர் நிரம்பியது. கழுத்து மட்டும் அசையவில்லை. எழுதிக்கொண்டே இருந்தாள். டிகிரியின் திரை மூலையில் அவளுக்கான மஞ்சள் மினுக்கியது: ஒரே கட்டத்தில் நிற்கிறாய். கண்ணை நகர்த்தினாள். அடுத்த கட்டத்தில் ஒருவன் தலையைச் சொறிந்தான், அடுத்ததில் ஒருத்தி கொட்டாவி விட்டாள், அடுத்தது, அடுத்தது. ஒரு சுற்று மேய்ந்து திரும்பி வந்தபோது பெண் முழுசாகப் பின்னால் திரும்பி, வாயைத் திறந்து யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். டிகிரியின் விரல் சிவப்பைத் தட்டியது. கட்டம் கறுத்தது.

ஷிஃப்டு முடிந்து சோறு தின்றாள். முட்டையில் உப்பு கம்மி என்று அம்மாவிடம் குறைகூட சொன்னாள். படுத்தாள், தூங்கினாள்.

இன்று காலை அப்பா எழுந்திருக்கக் கை கொடுக்க ஆளில்லாமல் வாசல் சீலையைப் பிடித்து எழுந்தார். வளையங்கள் கம்பியில் கிரீச்சென்று இழுபட்டன. பல் விளக்கிக்கொண்டிருந்த டிகிரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண் நேற்றே பார்த்துவிட்டது. மனசுக்கு வந்துசேர ஒரு ராத்திரி பிடித்திருக்கிறது. அந்தக் கை அவளைப் பயமுறுத்தியது. நடுவில் நிம்மதியாகத் தூங்கியது அதைவிடப் பயமுறுத்தியது.

அம்மா மத்தியானம் வந்தபோது வானம் கறுத்து, காற்று ஒரு பொட்டு இல்லாமல் அறை வெந்துகொண்டிருந்தது. சோடாக் காரமும் சூடான துணி வாசனையுமாக வந்தாள். முழங்கைக்குக் கீழே இஸ்திரி ரோலர் சுட்ட புதுத் தழும்பு ஒன்று. சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவளிடம் டிகிரி எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா மெல்லுவதை நிறுத்தவில்லை. சிவப்பை எடுக்கச் சொல்லிக் கேட்டதைச் சொன்னபோதுதான் கை தட்டிலேயே நின்றது.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"கேக்கக் கூடாதுன்னு நீதானடி சொன்ன?"

"ஆமா."

"அப்புறம் எந்தக் கொழுப்புல கேட்ட?" முணுமுணுப்பாகத்தான் வந்தது, ஆனால் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "வேலை போச்சுன்னா இவருக்கு மாத்திரை யாரு வாங்குறது? தையக்காரனா?"

"அந்த வீட்ல ஒரு ஆள் விழுந்து கிடக்கும்மா."

"கிடக்குன்னு நீ கண்டியா? எந்திரிச்சு நடமாடிக்கிட்டு இருக்கும். வழுக்கி விழுந்திருக்கும். லாண்டரி ஈரத்துல நாங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை வழுக்குறோம்?"

"ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணேன், காலையில. நோயாளி யாருன்னான். தெரியாதுன்னேன். நீங்க யாருன்னான். சொல்ல முடியல. மேல சொல்றதுக்குள்ள வெச்சிட்டான்."

"பின்ன? கம்ப்யூட்டர்ல திரைச்சீலை விழுந்துச்சு, வண்டி அனுப்புங்கன்னா அனுப்புவானா?" அம்மா தட்டை நகர்த்தி வைத்தாள். "இந்தா பாரு. எங்க லாண்டரிக்கு மூட்டை மூட்டையா வருது. ரத்தம், சீழ், எல்லாம். பச்சப்புள்ளை துணியில ரத்தம். இது யாரு ரத்தம், பொழைச்சுதா செத்துதான்னு கேட்டுக்கிட்டா நான் துவைக்கிறேன்? கேட்டா மறுநாள் கை வருமா?"

"அந்த ரத்தத்தை நீ வர வைக்கலம்மா."

"நீ மட்டும் வர வெச்சியாக்கும்."

"மஞ்சள் போட்டது நான். அவ கண்ணு காலுக்குப் போச்சு. எனக்குத் தெரியாதா காலுக்குப் போற கண்ணு எதுன்னு? இந்த ஊர்லயே, இந்த உலகத்துலயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிஞ்சே போட்டேன். அவ திரும்புனா. நான் திரும்பாதேன்னேன். கழுதை, சொன்ன பேச்சைக் கேட்டுட்டா."

 அம்மா சமாதானம் சொல்லும் குரலில், "அப்புறம் சிகப்பு போட்டல்ல? பரீட்சை மூடிக்கிச்சில்ல? அப்ப எந்திரிச்சுப் போய்ப் பாத்திருப்பா. ஒருவகையில நல்லதுதான் பண்ணியிருக்க" என்றாள்.

"மஞ்சளுக்கும் சிகப்புக்கும் நடுவுல?"

கட்டிலில் சுவர்ப் பக்கமாகப் படுத்திருந்த அப்பா புரண்டார். தூங்குகிறார் என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள்.

"போன மாசம் எனக்கு வந்துச்சே," என்றார். "நாக்கைக் கடிச்சுக்கிட்டேனே, அன்னிக்கு. நான் விடாமத்தான் இழுத்தேன் கண்ணு."

டிகிரி தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியும்ப்பா."

"நீ உடனே திரும்பல."

"தெரியும்."

"நாடா விறைச்சு நின்னுச்சு. உன் கால் வெரல் வெளுத்துப் போச்சு, நான் பாத்தேன். நீ முன்னாடியே பாத்துக்கிட்டு இருந்த. அதுக்கப்புறம் எனக்கு நெனவு இல்ல." குற்றம் சொல்லும் குரலே இல்லை, வண்டியில் எந்த இடத்தில் பஞ்சர் ஆனது என்று சொல்லுகிறவர் மாதிரி சொன்னார். "உன்னைக் கோவிச்சுக்கல. பயந்துட்டேன். எனக்காக இல்ல. இந்தப் புள்ளைக்குக் கழுத்து என்ன ஆச்சுன்னு."

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இது அவளுக்குப் புதுச் செய்தி. அன்றைக்கு வாயெல்லாம் ரத்தமாக இருந்ததற்கு, மகள் ஓடிவந்து பிடிப்பதற்குள் கடித்துவிட்டார் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

கம்ப்யூட்டர் மணியடித்தது. ஷிஃப்டுக்கு இன்னும் நேரமிருந்தது. டிகிரி நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். பழக்கதோஷம், கால் தானாக நீண்டது. அப்பாவும் பழக்கத்தில் நாடாவை எறிந்தார். அவள் குனியாமலே விரலில் மாட்டிக்கொண்டாள். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவுக்குத் தெரியாத பக்கமாகச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"மறந்தாச்சா?" என்றாள் காதுக்காரி.

"இல்ல மேடம்."

"சரி. நேத்து ரெக்கார்டிங் பாத்தோம். அந்தப் பொண்ணு ரெண்டு தடவை திரும்பியிருக்கு. விதிப்படி நீங்க போட்டது சரி. அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல."

"திரைச்சீலை?"

"திரைச்சீலை விழறது நம்ம விதியில இல்ல."

"அதைப் பிடிச்ச கை?"

டிகிரி மைக்கை வாயருகே இழுத்தாள். "மேடம், அந்த வீட்ல இருக்கறவங்க உயிரோட இருக்காங்களா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? நீங்க ஏன் இதைப் பெருசு பண்றீங்க? அந்தப் பொண்ணே ஒண்ணும் சொல்லல. பொதுவா சிகப்பு வாங்குன பசங்க அடுத்த நிமிஷமே போன் பண்ணி ஓன்னு அழுவாங்க. அப்பா அம்மா கூப்பிட்டுத் திட்டுவாங்க. இது ஒரு போன்கூடப் பண்ணல. ஒரு மெயில்கூட இல்ல. தப்பு பண்ணாததுன்னா சும்மா இருக்குமா?"

ஆறுதலாகத்தான் காதுக்காரி அதைச் சொன்னாள். டிகிரிக்கு அது வேறு மாதிரி கேட்டது. ஒரு போன்கூட இல்லை. எண்ணெய் வைத்துத் தலைசீவி, நைந்த காலரைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு தேர்வு எழுத வந்தவளுக்கு, அது பறிபோனதைக் கேட்கக்கூட நேரம் வாய்க்கவில்லை.

"அப்புறம் உங்க ரெக்கார்டிங்கையும் பாத்தோம்," என்றாள் காதுக்காரி. "உங்க காலுக்குக் கீழ என்ன இருக்கு?"

சுவரோரம் அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹெட்போனிலிருந்து அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது. மகளின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"நீங்க அப்பப்பக் கீழ பாக்கறீங்க. ஓரமா ஒரு வெள்ளைக் கயிறு தெரியுது. அறையில ஆள் இருக்காங்க, இல்லையா? போன மாசம் ஒரு சத்தமும் பதிவாகியிருக்கு. யாரோ முனகற சத்தம். நான் அதை மேல அனுப்பல. அனுப்பாம வெச்சிருக்கேன். புரியுதா?"

"புரியுது."

"இப்ப நான் பதிவு பண்றேன். 'நான் போட்ட சிகப்பு சரி, சந்தேகமா வேற எதையும் பாக்கலை'ன்னு ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க. கயிறும் மறந்துடும், கையும் மறந்துடும். நேத்து ரெக்கார்டிங் சாயங்காலம் தானா அழிஞ்சிடும். நல்லபடியா வேலையைப் பாருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்—"

அந்த இடத்தில் காதுக்காரியின் பக்கத்தில் ஒரு குழந்தை வீரிட்டது. அரைக் கணம்தான். உடனே ஒலி அறுந்தது. மறுபடி வந்தபோது குரலில் மூச்சு வாங்கியது.

"சொல்லுங்க. சீக்கிரம்."

"உங்க குழந்தை அழுதா?"

"சொல்லுங்கன்னேன்."

"நீங்க திரும்பிப் பாத்தீங்களா மேடம்?"

 டிகிரி திரையைப் பார்த்தாள். மத்தியானத் தேர்வுக்கான கட்டங்கள் நிரம்பத் தொடங்கியிருந்தன. அடையாள அட்டைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. ஒரு முகம் தொண்டையைச் செருமிக்கொண்டது. எல்லாம் நேராக, கழுத்து விறைத்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. இதில் எத்தனை கால்களில் என்னென்ன கட்டியிருக்கிறதோ. கேமராவில் தெரியாத மூலைகளில் யார் யார் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்களோ.

அப்போது கால் விரலில் நாடா அசைந்தது. ஒரே சுண்டு.

அவள் திரும்பினாள். கண்ணை மட்டும் இல்லை. தோளோடு, கழுத்தோடு, முழு முகத்தோடு திரும்பினாள். மூலையில் அவளுக்கான மஞ்சள் எரிந்தது. அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"தண்ணியாப்பா?"

"இல்ல," என்றார். "திரும்புறியான்னு பாத்தேன்."

சிவப்பு எரிந்தது. ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அது உள்ளேயிருந்து ஹலோ ஹலோ என்றது. குனிந்து விரலிலிருந்து நாடாவை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது, நகத்தால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. விரலைச் சுற்றி வளையமாகக் காய்ப்பு விழுந்திருந்தது. நாடாவின் முனையை அம்மாவின் கையில் வைத்தாள்.

"எங்கடி போற?" அம்மாவுக்கு இன்னும் முணுமுணுப்புதான் வந்தது. "விலாசம் தெரியுமா உனக்கு?"

"அட்டையைத் தலைகீழாப் பிடிச்சா. நேராப் பிடிக்கச் சொன்னது நான். மறக்குமா?"

"போய்? போய் என்னன்னு சொல்லுவ? செத்துக்கித்து இருந்தா? அடிக்க வந்தா?"

"வாங்கிக்கறேன்."

"வேலை?"

 அதற்கான பதில் திரையில் எரிந்துகொண்டுதானே இருக்கிறது. பையில் தண்ணீர் பாட்டிலைப் போட்டாள். மூடி இரண்டு தடவை உருண்டது. பயம் போய்விடவில்லை. உப்பளத்துப் பஸ்ஸில் ஏறி இறங்கி, அந்தக் கதவைத் தட்டி, அது திறக்கும்வரைக்கும் போகாது. திறந்த பிறகும் போகுமா என்று தெரியாது. பூட்டியிருந்தால் என்ன செய்வது என்று யோசிக்கவும் பயந்து, யோசிக்காமலே படி இறங்கினாள். கடை வாசலில் கைகட்டி உட்கார்ந்திருந்த தையல்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன டிகிரி, சபை கலைஞ்சிடுச்சா?"

"கலைஞ்சிடுச்சு. நீங்க மெஷினை ஓட்டுங்க."

மழையின் முதல் துளிகள் தெருப் புழுதியில் பொத்துப் பொத்தென்று விழுந்தன. அவள் தெரு பாதி நடந்திருப்பாள். பின்னால் மாடி ஜன்னல் படாரென்று திறந்தது.

"அடியேய்! குடையை எடுத்துட்டுப் போடீ!"

துவைக்கும் மெஷின்களையெல்லாம் தாண்டிக் கேட்கிற அந்தக் குரல், இத்தனை காலம் மடித்து வைத்திருந்த குரல், தெருவின் இந்த முனையில் புறப்பட்டு அந்த முனையில் போய் மோதியது. கடைக்காரர்கள் தலையை நீட்டினார்கள். மேஜைமேல் இன்னும் எரிந்துகொண்டிருக்கும் கேமராவுக்கும், ஹலோ ஹலோ என்றுகொண்டிருக்கும் காதுக்காரிக்கும் அது கேட்டிருக்கும்.

டிகிரி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, குடைக்காக நிற்காமல், பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தாள்.